கடைசி பெஞ்சில் கேட்ட குரல்



உங்கள் வீட்டிலும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். மதிப்பெண் அட்டை வந்த நாளில், "மற்றப் பாடங்கள் பரவாயில்லை, இங்கிலீஷில்தான் போய்விட்டது" என்னும் சொற்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்போது என்ன சொன்னீர்கள்? "அவளுக்கு இங்கிலீஷ் வராது" என்றா? "நம் வீட்டில் யாருக்கு இங்கிலீஷ் தெரியும், அவளுக்கு வருவதற்கு?" என்றா?

ஆங்கில ஆசிரியையாக இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்தச் சொற்களை உங்களைவிட அதிகமாகச் சொன்னவள் நானாகத்தான் இருப்பேன். ஒரு காலத்துக்குப் பிறகு அவற்றைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அது ஏன் என்பதை உங்களிடம் மனம்விட்டுச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1997-ஆம் ஆண்டு. தென்கடலோரத்தில் உள்ள ஓர் ஊரின் பெண்கள் பள்ளியில் அப்போது எனக்கு வேலை. ஒன்பதாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. ஐம்பத்து நான்கு மாணவியர். ஊரில் பல வீடுகளில் ஆண்கள் சபரில் இருந்தார்கள். பிள்ளைகளின் படிப்பு முழுவதையும் தாய்மாரே பார்த்து வந்தார்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு முடிந்தது. ஆங்கில முதல் தாளில் முப்பத்தொரு மாணவியர் தோல்வி.

தேர்ச்சி குறைந்தால் அதற்கான காரணத்தை ஆசிரியர் எழுதித் தரவேண்டும் என்பது எங்கள் பள்ளியின் வழக்கம். அதற்கென்றே ஒரு பதிவேடு உண்டு. நான் தயக்கமின்றி எழுதினேன்: "மாணவியர்க்கு ஆர்வம் இல்லை. வீட்டில் ஆங்கிலச் சூழல் இல்லை. பெற்றோர் கவனிப்பதில்லை. கீழ்வகுப்புகளில் அடிப்படை சரியாக அமையவில்லை."

நான்கு காரணங்கள். நான்கும் வேறு யாரோ செய்த குற்றங்கள். அவற்றுள் ஒன்றேனும் என்னைப் பற்றியது அன்று. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவேயில்லை.

வாசலில் வந்து நின்ற தாய்

அதே வாரத்தில் ஒரு நாள், மஃரிபுக்குப் பிறகு, ஒரு தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய மகள் என் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்பவள். நூற்றுக்கு 17 வாங்கியிருந்தாள். வகுப்பில் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், அவள் முகம் நினைவுக்கு வரவே எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"டீச்சர், எம் புள்ளைக்குப் படிப்பு ஏறல. நிப்பாட்டிரலாம்னு அவ வாப்பா சவுதியிலேர்ந்து கடுதாசி போட்டிருக்காக. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்க சொன்னா சரியா இருக்கும். அவளுக்குப் படிப்பு வருமா, வராதா?"

வாசகர்களே, அந்தக் கேள்வியை எண்ணிப் பாருங்கள். ஒரு பெண்ணின் வரும் காலத்தை முடிவுசெய்யும் ஒரு சொல்லை அந்தத் தாய் என்னிடம் கேட்டார். பதிவேட்டில் நான்கு காரணங்களை நொடியில் எழுதியவளால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல இயலவில்லை. "வராது" என்று சொல்லிவிட எனக்கு ஏதாவது ஆதாரம் இருந்ததா? 17 என்ற எண்ணைத் தவிர அந்தப் பெண்ணைப் பற்றி நான் அறிந்தது எதுவும் இல்லை.

"ராத்தா, அரையாண்டுத் தேர்வு வரைக்கும் பொறுங்க. அதுக்குப் பிறகு நானே வந்து சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினேன். சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்கே தெரியாது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதற்கு முந்திய கோடை விடுமுறையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்னும் கல்வியாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த செய்தியை அங்கே ஒரு விரிவுரையாளர் சொல்லியிருந்தார். ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அந்த அம்மையார் அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு விநாடிதான்! அதற்குள் பதில் வரவில்லையென்றால் ஆசிரியர் வேறு பிள்ளையைக் கேட்கிறார், அல்லது தாமே பதிலைச் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு விநாடியை மூன்று விநாடிகளுக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பதில் வராமற்போவது குறைந்தது. அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். 1970-களில் வெளிவந்த ஆய்வு இது.

பயிற்சியில் கேட்டபோது, 'அமெரிக்க ஆசிரியர்கள் அவசரக்காரர்கள் போலும்' என்று எண்ணிக்கொண்டு வந்துவிட்டேன். அது என்னைப் பற்றிய செய்தியாகவும் இருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றியது.

டேப் ரிக்கார்டர் சொன்ன சாட்சி

என் தம்பி சபரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் ஒன்று வீட்டில் இருந்தது. நாகூர் ஹனீபா அவர்களின் பாடல்களைக் கேட்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இருந்ததில்லை. தலைமையாசிரியை அவர்களிடம் அனுமதி பெற்று அதை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். எங்கள் பாடவேளை நாற்பது நிமிடம். தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் அதற்குப் போதும். "நான் பாடம் நடத்துவது எப்படி இருக்கிறது என்று நானே கேட்டுப் பார்க்கப் போகிறேன். உங்களுக்கு மதிப்பெண் போடுவதற்கு அன்று" என்று மாணவியரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள்.

ஒரு சிறிய தற்செயல் நிகழ்ந்தது. அந்த அறையில் மின்சாரப் பிளக் ஒன்றுதான் இருந்தது. அதுவும் பின்சுவரில், கடைசி பெஞ்சுக்கு அருகில். வேறு வழியின்றி ரிக்கார்டரை அங்கேயே வைத்தேன். அதை என் மேசையில் வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே பிறந்திருக்காது.

அன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பிறகு, ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு கேட்க உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் என் குரலைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு எண்ணத் தொடங்கினேன்.

நாற்பது நிமிடத்தில் ஏறத்தாழ முப்பது நிமிடம் நானே பேசியிருந்தேன். நாற்பத்து மூன்று கேள்விகள் கேட்டிருந்தேன். அவற்றுள் இருபதுக்கு முன்வரிசை மாணவியர் ஐவர் மட்டுமே பதில் சொன்னார்கள். பதினேழுக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். மீதி ஆறுக்கு வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "யெஸ் மிஸ்" அல்லது "நோ மிஸ்" என்றது. நாற்பத்தொன்பது மாணவியர் அன்று தனியாக ஒரு சொல்கூட ஆங்கிலத்தில் பேசவில்லை. கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையே கடிகாரத்தின் விநாடி முள் பெரும்பாலும் இரண்டாவது முறை அசைவதற்கு நான் விடவில்லை. அமெரிக்க ஆசிரியர்களை நினைத்துச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பியது.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. பாடத்தில் ஒரு முதியவர், தாம் செய்த உதவிக்காக ஒருவர் நீட்டும் பணத்தை வாங்க மறுக்கிறார். அவர் ஏன் மறுத்தார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒரு விநாடி சென்றது. "பிகாஸ் ஹி வாஸ் ஆனஸ்ட்" என்று நானே சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். நோட்ஸில் உள்ள பதில் அதுதான். ஆனால் கேசட்டில், என் குரலுக்கு அடியில், ரிக்கார்டருக்கு மிக அருகில் ஒரு மெல்லிய குரல் தன் பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்தது:

"வாங்கிட்டா செஞ்ச உதவி கூலியாயிரும்ல, அதான்."

நாடாவைப் பின்னால் ஓட்டி மூன்று முறை கேட்டேன். அது அந்தப் பெண்ணின் குரல், 17 மதிப்பெண் வாங்கிய பெண்ணின் குரல். என் கேள்வியை அவள் புரிந்துகொண்டிருந்தாள். கதையைப் புரிந்துகொண்டிருந்தாள். நான் சொன்ன பதிலைவிட ஆழமான ஒரு பதிலும் அவளிடம் இருந்தது. அதை ஆங்கிலத்தில் சொல்ல அவளுக்கு வழி தெரியவில்லை. அந்த வழியைக் காட்டுவதுதானே என் வேலை? நானோ அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

மூன்று சிறு மாற்றங்கள்

மறுநாள் மாணவியரிடம் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தேன். "இங்கிலீஷ் வகுப்பில் நீங்கள் ஏன் பேசுவதில்லை? பெயர் போடாமல் தமிழில் எழுதுங்கள்" என்றேன். பதிவேட்டில் நான் எழுதிய நான்கு காரணங்களில் ஒன்றைக்கூட எந்தத் தாளிலும் காணவில்லை. "தப்பாகச் சொன்னால் முன் பெஞ்சில் சிரிக்கிறார்கள்" என்று பலர் எழுதியிருந்தார்கள். "பதில் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்" என்று சிலர். ஒரு தாளில் ஒரே வரி: "நீங்கள் எங்கள் பக்கம் பார்ப்பதே இல்லை மிஸ்."

பிறகு மூன்று மாற்றங்களைச் செய்வதென்று முடிவு செய்தேன். ஒன்று, கேள்வி கேட்டபின் முந்தானைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஐந்து வரை எண்ணுவது. ஐந்தாவது விரல் மடங்கும்வரை வாய் திறப்பதில்லை. இரண்டு, கடினமான கேள்வி என்றால் முதலில் பக்கத்தில் இருப்பவளோடு தமிழில் பேசிக்கொள்ள ஒரு நிமிடம் கொடுத்து, அதன்பின் ஆங்கிலத்தில் கேட்பது. மூன்று, ஒருத்தி தப்பும் தவறுமாகப் பேசினாலும் அவள் முடிக்கும்வரை திருத்துவதில்லை, யாரும் சிரிப்பதில்லை.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். முதல் வாரம் ஐந்து விரலும் மடங்கியும் வகுப்பில் அமைதிதான். அந்த அமைதியைத் தாங்கிக்கொள்வதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. தமிழில் பேசிக்கொள்ளச் சொன்னபோது எழுந்த இரைச்சலைக் கேட்டு அடுத்த வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார். பாடம் முடிய நாளாகிறது என்று தலைமையாசிரியை கவலைப்பட்டார். முன்வரிசை மாணவி ஒருத்தியின் தாயார் வந்து, தம் மகளை இப்போது நான் கேட்பதே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தோழிகளைச் சேர்த்து உட்கார வைத்ததில், தெரியாத இருவர் ஒன்றாக விழித்துக்கொண்டிருந்ததையும் பிறகுதான் கண்டேன். இடங்களை மாற்றி அமைத்தேன். நடந்தவற்றை ஒவ்வொரு மாலையும் நோட்டில் நாலு வரி எழுதி வைத்தேன்.

ஏழு வாரம் கழித்து, அதே பின்சுவரில், அதே ரிக்கார்டரை மீண்டும் வைத்தேன். இம்முறை கேள்விகள் இருபத்தொன்றுதான். தனித்துப் பதில் சொன்னவர்கள் பதினாறு பேர். என் பேச்சு இருபத்திரண்டு நிமிடமாகக் குறைந்திருந்தது.

அரையாண்டுத் தேர்வில் தோல்வியடைந்தவர்கள் இருபத்தைந்து பேர். முப்பத்தொன்று இருபத்தைந்தாயிற்று, அவ்வளவுதான். இரண்டு வினாத்தாள்களும் ஒன்றல்ல. அந்த இடைவெளியில் சிலர் டியூஷனுக்கும் சென்றிருக்கலாம். ஆகவே முழுப் பெருமையையும் என் ஐந்து விரல்களுக்குக் கொடுத்துவிட முடியாது. இலக்கணப் பகுதியில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. கடைசி பெஞ்சுப் பெண் வாங்கியது 31. தேர்ச்சிக்கு 35 வேண்டும்.

தாய் கேட்ட பதில்

சொன்னபடி அந்தத் தாயின் வீட்டுக்குப் போக வேண்டுமே! 31 என்ற எண்ணைக் கொண்டுபோய் நான் என்ன சொல்வது? அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, "உன் குரல் பதிவான கேசட்டை உங்கள் உம்மாவிடம் போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டாள். பிறகு தலையசைத்தாள்.

அவர்கள் வீட்டுத் திண்ணையில் ரிக்கார்டரை வைத்து, இரண்டாவது பதிவிலிருந்து ஒரு பகுதியை ஓடவிட்டேன். கதையில் வரும் சிறுமி ஏன் திருவிழாவுக்குப் போகவில்லை என்று நான் கேட்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என விநாடிகள் கழிகின்றன. பிறகு அந்தக் குரல் வருகிறது. இம்முறை கிசுகிசுப்பு இல்லை. "ஷி நாட் கோ. ஹர் மதர் இஸ் சிக். ஸோ... ஷி நாட் கோ." இலக்கணம் தவறுதான். ஆயினும் மூன்று வாக்கியங்கள். அவை எந்த நோட்ஸிலும் இல்லாதவை. அவளே கட்டியவை.

தாய் ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எம் புள்ள கொரலா டீச்சர்? இவ இங்கிலீஷ் பேசுறாளா?" என்று கேட்டார். மறுபடியும் ஒரு முறை போடச் சொன்னார். அடுக்களையில் இருந்த தம் தாயாரையும் கூப்பிட்டு வந்து கேட்க வைத்தார்.

"ராத்தா, அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, படிப்பு வருமா வராதான்னு. வரும். இத்தனை நாளும் வராம இருந்ததுக்கு அவ மட்டும் காரணமில்ல, நானும் காரணம்" என்றேன். அதைச் சொல்லி முடித்தபோது என் மனப்பாரம் இறங்கியது.

அந்தப் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 44 மதிப்பெண் பெற்றுத் தேறினாள். அவள் பெரிய பட்டங்கள் பெற்றாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மேல்நிலைப் படிப்பு முடிந்ததும் திருமணமாயிற்று. இன்று அவளுடைய பிள்ளைகளின் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளை அவளே படித்துக்கொள்கிறாள். அவளுடைய உம்மா என் வாசலில் வந்து நின்றதுபோல, யாரிடமும் போய் "என் பிள்ளைக்குப் படிப்பு வருமா?" என்று அவள் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அது போதும்.

இதற்கும் ஒரு பெயர் உண்டு

நான் செய்ததற்கு ஒரு பெயர் உண்டென்பதைச் சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் அறிந்தேன். செயலாராய்ச்சி என்கிறார்கள். ஒரு வேலையைச் செய்பவரே, அந்த வேலையைச் செய்துகொண்டே, அதைத் திருத்தும் நோக்கத்தோடு ஆராய்வது. கர்ட் லெவின் என்னும் உளவியல் அறிஞர் 1946-இல் இப்பெயரால் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்டீபன் கோரி என்பவர் 1953-இல் இதைப் பள்ளிகளுக்கென விரித்து நூலாக்கினார். பாடத்திட்ட ஆராய்ச்சியில் ஆசிரியர்க்கே முதன்மையான இடம் உண்டு என்று இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-இல் வலியுறுத்தி எழுதினார்.

ஆங்கிலம் கற்பித்தலில் இத்தகைய தேடல் நம் மண்ணுக்கும் புதியதன்று. 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எதற்காகத் தேவை, எது அவர்களுக்குக் கடினம் என்று அங்கேயே சோதனை செய்து பார்த்தார். படிக்கும் பாடத்தில் புதிய சொற்கள் அளவுக்கு மீறிக் குவிவதால்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று கண்டு, சொற்களை அளந்து சேர்த்துப் பாடநூல்களைப் புதிதாக எழுதினார். நெரிசலான வகுப்பிலும் வசதியற்ற பள்ளியிலும் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி 1960-இல் தனியாக ஒரு நூலும் வெளியிட்டார். நம்மூர்ப் பள்ளிகளை நேரில் பார்த்துவிட்டு எழுதியது போலிருக்கும்.

1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு அவர்கள் பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதிகளை முன்வைக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துச் சிந்திக்க வைத்து, அதன் வழியே ஆங்கிலம் கற்பிக்க இயலுமா என்பதே கேள்வி. அவரும் வகுப்பில் நின்று பாடம் நடத்தினார். அந்த முயற்சி 1987-இல் நூலாக வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. எல்லா வகுப்புக்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை என்று ஒன்று உண்டா என்று 1990-இல் அவர் எழுதிய கட்டுரையும் புகழ்பெற்றது. முறையைவிட, ஆசிரியர் தம் வேலையை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதே பெரிது என்பது அதன் சாரம்.

டிக் ஆல்ரைட் என்னும் ஆங்கிலேய அறிஞரின் கருத்து என் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது. பிரேசில் நாட்டு ஆசிரியர்களோடு பழகிய அனுபவத்தில் அவர் வளர்த்த கருத்து அது. உடனே எதையாவது மாற்றுவதற்கு முன், 'இங்கே ஏன் இப்படி நடக்கிறது?' என்று புரிந்துகொள்ள முயல வேண்டும். அந்தத் தேடலில் மாணவர்களும் பங்காளிகள். அது ஆசிரியரின் சுமையைக் கூட்டாமல், பாடத்தோடு பாடமாக நடக்கவேண்டும். சிலி நாட்டில் 2013-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் பள்ளி ஆங்கில ஆசிரியர்கள் இவ்வாறே முதலில் தம் வகுப்பைப் புரிந்துகொண்டு, பிறகே மாற்றம் செய்து, தம் அனுபவங்களை எளிய நடையில் எழுதினார்கள். பின்னர் இந்தியாவிலும் நேபாளத்திலும் ஆசிரியர்கள் இவ்வழியைக் கைக்கொண்டார்கள். அந்தத் துண்டுத் தாள்களை எண்ணிப் பார்க்கிறேன். என் மாணவியரே எனக்கு ஆராய்ச்சி கற்றுக்கொடுத்தவர்கள்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் ஆசிரியச் சகோதர சகோதரிகளே! ஆராய்ச்சி என்றதும் அஞ்ச வேண்டாம். இன்று டேப் ரிக்கார்டரைத் தேட வேண்டியதில்லை. கைப்பேசியே போதும். பள்ளியிலும் மாணவர்களிடமும் அனுமதி பெற்று, ஒரு பாடவேளையை ஒலிப்பதிவு செய்யுங்கள். படம் வேண்டாம், குரல் போதும். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். ஆனால், நான் தற்செயலாகக் கற்ற பாடத்தை நீங்கள் தெரிந்தே செய்யுங்கள். கருவியை உங்கள் மேசையில் வைக்காமல் கடைசி வரிசையில் வையுங்கள். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அது மாணவரைக் குறை கூறும் கேள்வியாக இல்லாமல், உங்களால் மாற்ற முடிந்ததைப் பற்றியதாக இருக்கட்டும். முடிவு நீங்கள் விரும்பியபடி வராவிட்டாலும் மறைக்காமல் எழுதி வையுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் பகிர்ந்துகொள்ளுங்கள். மேலிடம் கேட்கிறதே என்று படிவம் நிரப்புவதற்காகச் செய்தால் மட்டும் அதில் பயனே இராது.

தாய்மார்களே, தந்தைமார்களே! மாலையில் பிள்ளை வீடு வந்ததும், "எத்தனை மார்க்கு?" என்று கேட்பதற்கு முன், "இன்றைக்கு இங்கிலீஷ் வகுப்பில் நீ என்ன பேசினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றும் பேசவில்லை" என்று நாள்தோறும் பதில் வந்தால் பள்ளிக்குச் சென்று ஆசிரியரைப் பாருங்கள். சண்டைக்காகப் போக வேண்டாம். அந்தத் தாய் என்னிடம் கேட்டதுபோல் பணிவாகக் கேளுங்கள். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லையே என்று கூச வேண்டாம். பயிற்சி வகுப்பில் கேட்டும் மனத்தில் தங்காத பாடத்தை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் கேள்விதான் என் மனத்தில் இருத்தியது.

அந்த ஆண்டு இறுதியிலும் காரணம் எழுதும் பதிவேடு என் மேசைக்கு வந்தது. தோல்வியடைந்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். முதல் வரியாக இப்படி எழுதினேன்: "நான் இன்னும் போதுமான நேரம் காத்திருக்கவில்லை." தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டார்.